பழைய டிரம்முக்கு இத்தனை கிராக்கியா?
லட்விக்கா, கிரெட்ச்சா? ரசிகர்களின் ஓயாத சண்டை!

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் பெவர்லி ஹில்ஸ் நகரில் ஒரு ஏலம் நடந்தது. ஏலத்துக்கு வந்த பொருள், ஒரு பழைய டிரம் செட்.

அது எவ்வளவுக்குப் போயிற்று தெரியுமா? 20 லட்சம் டாலருக்கும் மேலே!

அதை வாசித்தவர், "பீட்டில்ஸ்" கோஷ்டியைச் சேர்ந்த ரிங்கோ ஸ்டார். செய்த கம்பெனி, சிகாகோ நகரத்து லட்விக்.

"பெரிய நட்சத்திரத்தின் கை பட்ட பொருள். அதற்குத்தான் அந்த விலை" என்று சொல்லலாம். அது சரிதான். ஆனால், பெயர் தெரியாத யாரோ ஒருவர் கல்யாண விருந்துகளில் வாசித்துவிட்டுப் பரணில் போட்ட லட்விக்கையும் தேடி அலைகிறார்கள். கிரெட்ச், ஸ்லிங்கர்லேண்டு, ரோஜர்ஸ் என்ற பழைய பெயர்களுக்கும் இதே கிராக்கிதான். எது உயர்ந்தது என்று கேட்டுவிட்டால் போதும், சண்டை மூண்டுவிடும்!

காலால் ஓர் அடி

டிரம் செட் என்பது பல முரசுகளின் கூட்டம். அதை ஒரே ஆள் உட்கார்ந்து வாசிக்கிறார். கைகள் சின்ன முரசுகளையும் தாளத் தட்டுகளையும் கவனிக்கும். தரையில் படுத்திருக்கும் பெரிய முரசைக் கால் கவனிக்கும். காலால் மிதித்தால் ஒரு கொட்டாப்புளி போய் முரசில் அடிக்கும்.

இந்த மிதிகட்டையில்தான் லட்விக்கின் கதை ஆரம்பம். 1909-ல் வில்லியம் லட்விக், தியோபால்டு லட்விக் என்ற சகோதரர்கள் சிகாகோவில் கடை போட்டார்கள். வில்லியம் தாமே வாத்தியக்காரர். வேகமான பாட்டுக்குப் பழைய மிதிகட்டை ஈடுகொடுக்கவில்லை. தாமே ஒன்று செய்தார். அது நன்றாக விற்றது.

பிறகு சோதனை வந்தது. 1918-ல் உலகத்தையே உலுக்கிய விஷக் காய்ச்சலில் தம்பி இறந்தார். பேசும் படம் வந்ததும் கொட்டகை வாத்தியக்காரர்களுக்கு வேலை போயிற்று. வில்லியம் தம் கம்பெனியைக் கான் என்ற பெரிய கம்பெனிக்கு விற்றார். கம்பெனியோடு பெயரும் போய்விட்டது!

1937-ல் அவர் மறுபடி சொந்தத் தொழில் தொடங்கினார். ஆனால் தம் டிரம்மில் "லட்விக்" என்று தம் பெயரைப் போட அவருக்கு உரிமை இல்லை. பெயரின் முதல் எழுத்துக்களை மட்டும் சேர்த்து டபிள்யூ. எப். எல். என்று போட்டுக்கொண்டார். 1955-ல்தான் பணம் கொடுத்துத் தம் பெயரைத் திரும்ப வாங்கினார். சொந்தப் பெயரை விலைக்கு வாங்கிய மனிதர்!

9 ஆண்டு கழித்து அந்தப் பெயர் பொன்னாக விளைந்தது. 1964 பிப்ரவரி 9-ந் தேதி "பீட்டில்ஸ்" அமெரிக்க டெலிவிஷனில் தோன்றினார்கள். பார்த்தவர்கள் 7 கோடியே 30 லட்சம் பேர். ரிங்கோவின் பெரிய முரசின் முகப்பில் "லட்விக்" என்று எழுதியிருந்தது. அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம்! சிகாகோ தொழிற்சாலை இரவும் பகலும் ஓடியது.

இங்கே ஒரு வேடிக்கை. இன்று அதிகம் தேடப்படுபவை அந்த அவசர நாட்களில் செய்த டிரம்கள்தான். உள்ளே பார்த்தால் பசை வழிந்திருக்கும். சில சட்டங்கள் சரியான வட்டமாகக்கூட இருப்பதில்லை. இன்றைய இயந்திரங்கள் செய்யும் வேலை அதைவிடச் சுத்தம். ஆனால் ரசிகரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! "அந்தப் பழைய மரத்தின் நாதம் வராது" என்பார்.

தோல் போய் பிளாஸ்டிக் வந்தது

அந்த நாதத்தில் மரத்துக்கு எவ்வளவு பங்கு? முகப்புக்கு எவ்வளவு பங்கு? முகப்புக்குத்தான் அதிகம் என்பது என் கணக்கு.

முன்பு கன்றுத் தோல் கட்டினார்கள். மழைக் காலத்தில் அது தளர்ந்துவிடும், வெயிலில் இறுகிவிடும். நம் ஊரில் பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றுவது ஏன்? அதே தொல்லைதான். 1957 வாக்கில் ரெமோ பெல்லி போன்றவர்கள் மெல்லிய பிளாஸ்டிக் முகப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். மழையும் வெயிலும் அதை ஒன்றும் செய்யவில்லை. 1930-களின் டிரம்மில் இன்றைய பிளாஸ்டிக்கைக் கட்டிவிட்டு "பழைய நாதம்" என்று பூரிப்பது பாதி நினைவு, பாதி ஆசை.

ஜாஸ் ரசிகர்களின் செல்லம்

கிரெட்ச் கட்சிக்காரர்கள் வேறு ரகம். இவர்கள் ஜாஸ் பக்தர்கள். மாக்ஸ் ரோச், எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ் என்று வரிசையாகப் பெயர் சொல்வார்கள். அவர்கள் எல்லோரும் வாசித்தது கிரெட்ச். வட்டமான பெயர்த் தகடு உள்ள பழைய கிரெட்ச் கிடைத்தால் இவர்களுக்குத் தூக்கம் வராது.

1883-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இதைத் தொடங்கியவர், ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்த பிரெடரிக் கிரெட்ச். 1895-ல் அவர் இறந்தபோது தொழிலை ஏற்ற மகனுக்கு வயது 15! இந்தக் குடும்பமும் 1967-ல் கம்பெனியை விற்றது. 1985-ல் திரும்ப வாங்கியது.

ரோஜர்ஸ் டிரம்மைப் புகழ்பவர்கள் அதன் இரும்புச் சாமான்களைப் புகழ்கிறார்கள். முரசுகளை எந்தச் சாய்விலும் நிறுத்த உருண்டை மூட்டு வைத்துச் செய்தார்கள். 1966-ல் சி. பி. எஸ். கம்பெனி அதை வாங்கியது. பழைய பெருமை அதன் பிறகு நெடுநாள் நீடிக்கவில்லை.

பெயர் போன இடம்

ஸ்லிங்கர்லேண்டின் கதை இன்னும் விசித்திரம். 1930-களில் ஜீன் குருபா என்ற இளைஞர் இதை வாசித்தார். டிரம் வாசிப்பவர் பின்னால் ஒளிந்திருந்த காலம் அது. அவரை மேடையின் நாயகனாக்கியவர் குருபா. அவர் அடித்த "ரேடியோ கிங்" சிறு முரசு, ஒரே மேப்பிள் பலகையை ஆவியில் வளைத்துச் செய்தது.

இன்று அந்தப் பெயர் எங்கே? 2019-ல் டி. டபிள்யூ. என்ற கலிபோர்னியா கம்பெனி அதை வாங்கியது. 2022-ல் அந்தக் கம்பெனியையே ஜப்பானின் ரோலண்டு வாங்கிவிட்டது. ரோலண்டு எதற்குப் பெயர் போனது? மரமும் தோலும் வேண்டாத மின்சார டிரம்முக்கு!

ரசிகர்கள் பழைய சாமானைத் துரத்துவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெயர் கை மாறிக்கொண்டே இருக்கிறது. செய்த கைகள் போய்விட்டன. மிச்சம் இருப்பது பொருள்தான்.

ஏமாறுகிறவர் யார்?

கிராக்கி வந்த இடத்தில் மோசடியும் வருகிறது. பழைய பெயர்த் தகடுகள் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. 1960-களில் பெரிய கம்பெனிகளைப் பார்த்து ஜப்பானில் மலிவாகச் செய்த டிரம்கள் ஏராளம். அதன் மேல் ஒரு தகட்டை அறைந்தால் போதாதா? சேமித்த காசைக் கொடுத்து முதல் டிரம் வாங்கும் இளைஞர்தான் இதில் சிக்குகிறார்.

தெரிந்தவர்கள் பளபளப்பைப் பார்ப்பதில்லை. முகப்பைக் கழற்றி உள்ளே பார்க்கிறார்கள். 1960-களின் லட்விக்கில் தேதி முத்திரை பல சமயம் உள்ளேயே குத்தியிருக்கும். தகட்டு நம்பரை மட்டும் நம்பக் கூடாது. கைக்கு வந்த தகட்டை அடித்து அனுப்பியதால் நம்பரும் தேதியும் பொருந்தாமல் போவதுண்டு. பிறகு போட்ட துளைகளை எண்ணுகிறார்கள். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறை பழையதா, புதியதா என்று விளிம்பைச் சுரண்டிப் பார்க்கிறார்கள்.

பிரிட்டனின் பிரிமியர் டிரம் வாங்குகிறவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கையோடு ஓர் அளவு நாடா கொண்டுபோக வேண்டும். 1960-களின் கடைசி வரை அந்தக் கம்பெனியின் அளவே தனி. டிரம் அசலாகவே இருக்கும். ஆனால் இன்று கடையில் விற்கும் முகப்பு அதன் மேல் உட்காராது!