பின்னால டிஸ்க் போடலாமா, அண்ணே?

திருத்தணி மலைக்குப் போக இரண்டு வழி. ஒன்று, 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. இன்னொன்று, வண்டி போகும் தார்ச் சாலை. படியில் இறங்குகிறவர்களுக்கு முழங்கால்தான் பிரேக். அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை எலும்பு டாக்டர்களுக்குத் தெரியும். பைக்கில் இறங்குகிறவர்களுக்குப் பின்னால் இருப்பது ஒரு டிரம், இரண்டு ஷூ, சில ஸ்பிரிங், மிச்சம் முருகன் மேல் பாரம்.

இந்த ஊர் 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்தது. அதனால் இங்கே மெக்கானிக் ஷெட்டில் தமிழ், தெலுங்கு இரண்டிலும் இந்தப் பேச்சு கேட்கலாம்:

"அண்ணே, பின்னாடியும் டிஸ்க் போட்டுடலாமா?"

"போட்டுடலாம் தம்பி. எதுக்கு?"

"சும்மா... கெத்தா இருக்கும்ல?"

கெத்து இருக்கும். வண்டி நிற்குமா என்பதுதான் கேள்வி.

டிஸ்க்கும் டிரம்மும் ஒரே வயசு. 1902-ல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். அரை நூற்றாண்டு டிரம் ராஜ்யம். 1953-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் ஜெயித்ததும் காற்று திசை மாறியது. 1969-ல் ஹோண்டா சிபி 750 பைக் வந்தது. முன்னால் டிஸ்க், பின்னால் அதே பழைய டிரம். ஜப்பான்காரர்களுக்குக் கை கடித்ததா? இல்லை, கணக்குத் தெரியும்.

கணக்கு இதுதான். பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாய்கிறது. சாதாரண பைக்கில் பலமாகப் பிடித்தால் மொத்த எடையில் முப்பது சதவீதம் அளவுதான் பின்சக்கரத்தில் மிஞ்சும். மலை இறக்கத்தில் அதுவும் குறையும். நல்ல நிலையில் இருக்கும் டிரம்மே இந்தச் சக்கரத்தைப் பூட்டிவிடும். பூட்டிய பிறகு எந்த டிஸ்க்கும் ஒன்றும் செய்ய முடியாது. சக்கரத்தைப் பிடிப்பது பிரேக். ரோட்டைப் பிடிப்பது டயர். தேய்ந்த டயரோடு பளபள டிஸ்க் போடுவது, வேட்டி இல்லாமல் பெல்ட் கட்டுவது மாதிரி.

அப்படியானால் பின் டிஸ்க்கே வீணா? அப்படியும் இல்லை. ரிசார்ட்டுகளில் ஓடும் நான்கு சக்கர ஏ.டி.வி.யைப் பார்த்திருப்பீர்கள். ஹோண்டா 1986-லேயே அதில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி விட்டது. சேற்றிலும் ஓடையிலும் முங்கி எழும் வண்டி அது. டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் சுலபத்தில் வெளியே வராது. அதனால் அங்கே பின்னால் டிஸ்க் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. நம்ம பைக் சேற்றில் நீந்துவதில்லை. சென்னையில் மழைக்காலம் தவிர.

இன்னொன்று சூடு. வண்டியும் இரண்டு ஆளுமாக 280 கிலோ என்று வையுங்கள். 100 மீட்டர் உயரம் இறங்கினால், முக்கால் லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். பிரேக்கை மட்டுமே நம்பினால் ஏறக்குறைய முழுக்க அதில்தான் இறங்கும். நாலைந்து பேருக்கு டீ போடலாம். டிஸ்க் திறந்த வெளியில் இருப்பதால் சீக்கிரம் ஆறும். ஆனால் அதன் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். 'டாட் 4' ஆயில் புதுசாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் வரம்பு 155 டிகிரிதான். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். வண்டி நிற்காது.

மாற்றுவதும் லேசு இல்லை. வட்டத் தட்டு ஒன்று வாங்கினால் போதாது. ஹப், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், எல்லாம் வேண்டும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை யாராவது பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்தால், அந்த வெல்டிங்தான் உங்கள் உயிர். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டி என்றால், ஏ.பி.எஸ். இல்லாதபட்சத்தில் முன் பின் பிரேக்கைச் சேர்த்துப் பிடிக்கும் சி.பி.எஸ். இருக்கும். அதில் கை வைத்தால் கம்பெனி போட்ட பங்கீடு காலி. மோட்டார் வாகனச் சட்டம் (1988) 52-வது பிரிவு வேறு, கம்பெனி குறிப்பிட்டதை இஷ்டத்துக்கு மாற்றாதே என்கிறது. "பிரேக் அதில் வராது சார்" என்று வாதாடலாம்தான். விபத்துக்குப் பிறகு, கட்டுப் போட்ட காலோடு வாதாட வேண்டி வரும்.

அந்தக் காசில் புது ஷூ, நல்ல டயர் போடுங்கள். டிரம்மைத் திறந்து தூசி துடைக்கச் சொல்லுங்கள். முன்னால் டிஸ்க் இருந்தால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம்: இறக்கத்தில் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் விட்டு, பெட்ரோல் மிச்சம் பிடிக்காதீர்கள். மிச்சமாவது சில காசு. இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினே பாதி பிரேக் பிடிக்கும். ஏறும்போது இழுத்த அதே எஞ்சின்தான், சம்பளம் கூடக் கேட்காது.

தணிகை முருகனின் மயிலுக்குப் பிரேக் கிடையாது. அதற்கு இறக்கை இருக்கிறது. பின் சீட்டில் இருக்கிறவருக்கு இல்லை.