உங்க போட்டோக்களுக்கு இடம் தர்றது மூணே கம்பெனி!

'ஸ்டோரேஜ் ஃபுல்'னு போன் கத்தினா என்ன செய்வீங்க? பழைய வீடியோக்களை கிளவுடுக்குத் தள்ளிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீங்க. ஆனா, அந்த கிளவுட் வானத்தில் இல்லை. ஏதோ ஒரு டேட்டா சென்டரில் சுத்திக்கிட்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில்தான் பெரும்பாலும் உங்க வீடியோ இருக்கு. ஆமா, லேப்டாப்பில் இருந்து காணாமல்போன அதே ஹார்ட் டிஸ்க்!

உலகத்துக்கே அதைத் தயாரிச்சுத் தருவது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என மூன்றே நிறுவனங்கள். ஃபுஜிட்சுவின் ஹார்ட் டிஸ்க் பிரிவை 2009-ல் தோஷிபா வாங்கியது. 2011-ல் சாம்சங்கின் பிரிவு சீகேட்டுக்குப் போனது. 2012-ல் ஹிட்டாச்சியின் பிரிவு வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் சேர்ந்தது.

போட்டி குறைஞ்சா என்ன ஆகும்? 2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் தொழிற்சாலையிலும், டிஸ்க்குக்கான மோட்டார் தயாரிக்கும் ஆலைகளிலும் தண்ணீர் புகுந்தது. சில வாரங்களிலேயே பல மாடல்களின் விலை இரண்டு மடங்கானது. வெள்ளம் வடிஞ்சும் விலை சீக்கிரம் இறங்கலை. இன்னொரு அடியும் விழுந்தது. அந்த டிசம்பரில் சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் சில மாடல்களுக்கு வாரன்டி காலத்தைக் குறைத்தன. வேற கடைக்குப் போறேன்னு சொல்ல, வேற கடை எங்கே இருக்கு?

இப்போ நெருக்கடி தண்ணீரால் இல்லை, ஏஐ-யால். ஏஐ-க்குத் தேவையான டேட்டாவையும் அது உருவாக்கித் தள்ளும் படம், வீடியோக்களையும் எங்காவது சேமிக்கணுமே? எஸ்எஸ்டி வேகமானதுதான். ஆனா, ஒரு டெராபைட்டுக்கு ஆகும் செலவில் ஹார்ட் டிஸ்க்தான் பல மடங்கு மலிவு. அதனால், கிளவுட் நிறுவனங்கள் மொத்தமாக ஆர்டர் கொடுக்கின்றன. 2025 செப்டம்பரில் வெஸ்டர்ன் டிஜிட்டல் விலையை ஏற்றப்போவதாக வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவிட்டது.

'டிமாண்ட் இருந்தா புது ஃபேக்டரி கட்டலாமே'ன்னு தோணும். கட்டத் தயங்குறாங்க. ஆர்டர்கள் சரிஞ்ச 2022-ல் சீகேட் சுமார் 3,000 பேரை வேலையைவிட்டு அனுப்பியது. அந்தச் சூடு இன்னும் ஆறலை. ஃபேக்டரியைப் பெருக்குவதைவிட, ஒரே டிஸ்க்கில் 30 டெராபைட்டுக்கு மேல் அடைக்கும் தொழில்நுட்பத்தில்தான் பணம் போடுறாங்க. புதுசா யாரும் இந்தத் தொழிலுக்குள் வருவதும் லேசில்லை. சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் 'ஹெட்'டை உருவாக்கும் வித்தை, பல வருட அனுபவத்தில் வந்தது.

இதில் உங்களுக்கு என்ன? கூகுள் போட்டோஸின் அன்லிமிட்டெட் இலவசம் 2021 ஜூன் 1-ல் முடிஞ்சுபோச்சு. டிஸ்க் விலை ஏறினா, மாதச் சந்தா மட்டும் எத்தனை நாள் அப்படியே இருக்கும்? எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கும்போது விலையோடு வாரன்டியையும் ஒப்பிட்டுப் பாருங்க. முக்கியமான படங்களை ரெண்டு இடத்தில் வைங்க. அந்த 400 'குட் மார்னிங்' படங்களை இன்னிக்கே டெலீட் பண்ணுங்க!