கல்யாணம் முறிந்தாலும் கடன் முறியாது!

இருவர் பெயரில் வீடு. பிரிந்த பிறகு தவணை கட்டுவது யார்?

சென்னை,

புருஷன் பெண்டாட்டி பிரிந்துவிட்டார்கள். குடும்பநல கோர்ட்டு விவாகரத்தும் கொடுத்துவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டார்கள். ஆனால் மாதம் பிறந்தால் போதும், இரண்டு பேருக்கும் பேங்கில் இருந்து ஒரே தகவல் வருகிறது: "தவணையைக் கட்டுங்கள்!"

மேடவாக்கம், பல்லாவரம், ஆவடி என்று புறநகரில் அடுக்குமாடி வீடு வாங்கும் ஜோடிகள் பலர், இரண்டு சம்பளத்தையும் காட்டித்தான் கடன் வாங்குகிறார்கள். சேர்ந்து இருக்கும்வரை தொல்லை இல்லை. பிரிந்தால்தான் வம்பு.

"வீட்டுல இருக்கிறது நீதானே, நீயே கட்டு" என்கிறார் கணவர்.

"பாதி வீடு உங்களோடதுதானே, நீங்களும் கட்டுங்க" என்கிறார் மனைவி.

இந்த சண்டையில் ஜெயிப்பவர் யாரும் இல்லை.

யாரிடமும் கேட்கலாம்

1872-ம் வருட ஒப்பந்த சட்டத்தின் 43-வது பிரிவு என்ன சொல்கிறது? இரண்டு பேர் சேர்ந்து வாங்கிய கடனை, முழுசாக ஒருவரிடமே கேட்டு வாங்கலாம் என்கிறது. "என் பாதியை கட்டிவிட்டேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

விவாகரத்து வழக்கில் பேங்க் ஒரு கட்சி அல்ல. 'இனி கடனை கணவரே கட்டுவார்' என்று இருவரும் எழுதிக் கொடுத்து, அது தீர்ப்பிலேயே இடம்பெற்றாலும் பேங்கை கட்டுப்படுத்தாது. அவர் கட்டாவிட்டால் மனைவியிடம் வருவார்கள். கட்டியவர் பிறகு மற்றவரிடம் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

தவணை 90 நாள் நின்றால் அது வாராக்கடன். 2002-ம் வருட சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதற்கும் அசையாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். சிபில் மதிப்பெண் இரண்டு பேருக்குமே அடிபடும். நாளைக்கு ஒரு ஸ்கூட்டர் கடன் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

கணக்கு போட்டால் தெரியும்

50 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒரு ஜோடி 40 லட்சம் கடன் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வட்டி 8½ சதவீதம், 20 வருட தவணை. மாதம் சுமார் 34,700 ரூபாய் கட்ட வேண்டும்.

5 வருடத்தில் கட்டிய பணம் சுமார் 20 லட்சத்து 80 ஆயிரம். ஆனால் அசலில் குறைந்தது 4¾ லட்சம்தான்! மற்றதெல்லாம் வட்டி. பாக்கி 35¼ லட்சம் அப்படியே நிற்கிறது.

வீடு இன்று 60 லட்சம் போனால், கடன் போக மிச்சம் 24¾ லட்சம். ஆளுக்கு 12 லட்சத்து 37 ஆயிரம். 'பாதி வீடு' என்று அடித்துக்கொள்வது உண்மையில் இந்த தொகைக்குத்தான்.

மூன்று வழி

முதல் வழி, விற்பது. வாங்குபவர் பணத்தில் கடனை அடைத்து, பத்திரத்தை மீட்டு, மிச்சத்தைப் பிரித்துக்கொள்ளலாம். மனசு வலிக்கும், ஆனால் வில்லங்கம் இல்லாமல் முடியும்.

இரண்டாவது, ஒருவரே வீட்டை வைத்துக்கொள்வது. மற்றவருக்கு பங்குப் பணம் கொடுத்து விடுதலை பத்திரம் வாங்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பத்திரத்தில் பெயர் போனாலும், கடன் கணக்கில் பெயர் தானாகப் போகாது. வீடு கைவிட்டுப் போகும், கடன் மட்டும் கழுத்தில் நிற்கும்! பேங்க் எழுத்து மூலம் விடுவித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சம்பளத்துக்கு அந்த கடன் தாங்காது என்று தெரிந்தால் பேங்க் சம்மதிக்காது. அப்பாவோ அண்ணனோ கூட்டாக சேர வேண்டி வரும்.

மூன்றாவது, கோர்ட்டு. ஒரு பிளாட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. எனவே 1893-ம் வருட பாகப்பிரிவினை சட்டப்படி விற்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவிடலாம். ஒருவர் விற்கக் கேட்டால், மற்றவர் மதிப்பு கட்டிய விலைக்கு அந்த பங்கை வாங்கிக்கொள்ள மனு போடலாம். வழக்கு நடக்கும் வருடங்களில் வட்டி சும்மா இருக்காது.

சம்பளம் இல்லாத மனைவிக்கு?

வீட்டு வேலை பார்த்த மனைவியின் உழைப்பும் சொத்து சேர்க்க உதவியதே, அவருக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை ஐகோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. திருமண பந்தம் இருக்கும்போது கதவைப் பூட்டி மனைவியை வெளியே தள்ளினால், 2005-ம் வருட குடும்ப வன்முறை தடுப்பு சட்டம் பாயும்.

தீர்ப்புக்கு முன்பே முடியுங்கள்

குடும்பத்தினருக்குள் எழுதும் விடுதலை பத்திரத்துக்கு தமிழகத்தில் முத்திரை கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலை மாற்றத்தின்படி உச்சம் 40 ஆயிரம் ரூபாய். பதிவுக் கட்டண உச்சம் 10 ஆயிரம். விவாகரத்து ஆகிவிட்டால் இந்த சலுகை கிடைக்காமல் போகலாம். விற்பனை பத்திரம் என்றால் இரண்டும் சேர்த்து 9 சதவீதம். 30 லட்ச ரூபாய் பங்குக்கு 2 லட்சத்து 70 ஆயிரம்!

சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் முடிவுக்கும் நடுவே சாதாரணமாக 6 மாதம் இருக்கிறது. வீட்டை விற்கவோ, கடனை ஒருவர் பெயருக்கு மாற்றவோ அதுதான் நேரம். அதுவரை தவணையை நிறுத்தக்கூடாது. யார் கட்டினார்கள் என்பதற்கு ரசீது பத்திரமாக இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு நாள் பார்த்தீர்கள், ஜாதகம் பார்த்தீர்கள். பிரிவதற்கு முன்னால் பேங்க் பாக்கியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.