தாய் கேட்ட கேள்விக்கு விடை எங்கே?

போரில் மகனைப் பறிகொடுத்த தாய் அழலாம். பதக்கம் வாங்கிக்கொள்ளலாம். மேடையேறிக் கைகூப்பலாம். கேள்வி மட்டும் கேட்கக் கூடாது! கேட்டால், யாரோ ஆட்டிவைக்கும் பொம்மை என்பார்கள். அமெரிக்காவின் சிண்டி ஷீஹனுக்கு நேர்ந்தது இதுதான்.

அவர் மகன் கேசி, இராணுவத்தில் வண்டி மெக்கானிக். வயது 24. 2004 ஏப்ரல் 4 அன்று பாக்தாதின் சதர் சிட்டிப் பகுதியில் கொல்லப்பட்டார். பேரழிவு ஆயுதங்களை ஈராக் பதுக்கியிருப்பதாகச் சொல்லி 2003 மார்ச்சில் தொடங்கிய போர் அது. அப்படிப்பட்ட ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்று அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே 2004 இறுதிக்குள் அறிக்கை கொடுத்துவிட்டது.

2005 ஆகஸ்ட் 6 அன்று, டெக்சாஸ் மாநிலம் கிராஃபோர்டில் ஜனாதிபதி புஷ் ஓய்வெடுத்த பண்ணைக்குச் செல்லும் சாலையோரம் அந்தத் தாய் போய் உட்கார்ந்தார். மாண்டவர்கள் உயர்ந்த நோக்கத்துக்காக மாண்டார்கள் என்றீர்களே, அந்த நோக்கம் எது என்று கேட்டார். அதிகாரிகள் இருவர் வந்து பேசிப் போனார்கள். ஜனாதிபதி வரவில்லை. ஒரு தாய் உட்கார்ந்த இடத்தில் நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள். மாண்டவர் நினைவாக அங்கே நட்ட சிலுவைகள் மீது ஒருவர் வண்டியை ஏற்றி நசுக்கினார்.

2004 ஜூனில் ஜனாதிபதியைச் சந்தித்தவர்தானே, மறுபடி எதற்கு என்றார்கள். ஆயுதம் இல்லை என்ற அறிக்கை வந்ததே அதற்குப் பிறகுதானே! மகன் விரும்பித்தானே படையில் சேர்ந்தான் என்றார்கள். விரும்பிச் சேர்ந்தவன் தன் உயிரை நம்பி ஒப்படைக்கிறான். அனுப்பியவனுக்கு அதனால் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது.

மகனை இழந்தும் போரை ஆதரித்த பெற்றோர் அங்கே உண்டு. அவர்கள் கண்ணீரும் கண்ணீர்தான். துயரம் ஒருவரின் வாதத்தை மெய்யாக்கிவிடாது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கேட்கப்பட்ட கேள்வி துயரத்தை நம்பி நிற்கவில்லையே! அதற்கு விடை சொல்லாமல், கேட்டவளின் குடும்பத்தையும் கூட்டாளிகளையும் துருவியது எந்த நியாயம்?

மகன் களத்தில் முதுகு காட்டினான் என்று ஊரார் சொல்லக் கேட்டு, உண்மையை அறியப் பிணங்களைப் புரட்டித் தேடிய தாயைப் புறநானூற்றில் பாடினார் காக்கைபாடினியார் நச்செள்ளையார். அந்தத் தாயை மேடைதோறும் போற்றுகிறோம். பிறர் சொல்லை ஏற்காமல் தானே உண்மை தேடியவள் அன்றோ அவள்? மகனைச் சோதித்தவளைப் புகழ்ந்துவிட்டு, மகனை அனுப்பிய ஆட்சியைச் சோதிப்பவளை இகழலாமா?

அவரைத் தோளில் தூக்கியவர்களும் சளைத்தவர்கள் அல்லர். புஷ்ஷை எதிர்த்தவரை ஜனநாயகக் கட்சியினர் பலர் கைதட்டினார்கள். அவர்கள் பெரும்பான்மை பெற்ற நாடாளுமன்றமே 2007இல் போருக்குப் பணம் ஒதுக்கியது. அதையும் அவர் தட்டிக்கேட்டார், கைதட்டல் ஓய்ந்தது. 2008இல் அக்கட்சியின் பெலோசியையே எதிர்த்துத் தேர்தலில் நின்று தோற்றார்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு இது புரியாத கதையல்ல. வேலையிடத்தில் ஒருவன் விழுந்து செத்தால், வாசலில் போய் நிற்கும் குடும்பத்திடம் முதலில் கேட்கப்படுவது என்ன? "உங்களைத் தூண்டிவிட்டது யார்?" என்பதுதானே! எப்படிச் செத்தான் என்ற கேள்விக்கு விடை இல்லாதபோதுதான் இந்தக் கேள்வி பிறக்கிறது.

தோழர்களே! உழைப்பவர் வீட்டுப் பிள்ளையைச் சாவுக்கு அனுப்புகிறவர் யாராயினும், எந்தக் கட்சியாயினும், காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். கேட்பது பெற்றவர் உரிமை. அவர்கள் தனியே நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.