கங்கா ஸ்நானம் ஆயிற்றா?

தீபாவளியன்று காலையில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் "கங்கா ஸ்நானம் ஆயிற்றா?" என்று கேட்பது நம்மவரின் நெடுநாளைய வழக்கம். கேட்கிறவர் கிணற்றடியிலோ குழாயடியிலோதான் குளித்திருப்பார். பதில் சொல்கிறவரும் அப்படியே. ஆயினும் இருவரும் காசிக்குப் போய் முழுகி எழுந்த பெருமிதத்துடன் தலையை ஆட்டிக்கொள்வார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒண்டியாக இருக்கும் மனிதன் தானே எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம். தானே வெந்நீர் போட்டுக்கொள்ளலாம். கடையில் லட்டு வாங்கித் தானே தின்றும் தீர்க்கலாம். இந்த ஒரு கேள்வி மட்டும் இன்னொருவர் வாயிலிருந்துதான் வந்தாகவேண்டும்.

பிழைப்புக்காக ஊரை விட்டுப் போன பிள்ளைகளைப் பற்றித் தீபாவளி சமயத்தில் நம் வீடுகளில் அவ்வளவு விசாரம் ஏற்படுவதற்கு இதுவே காரணம் போலும். "லீவு கிடைக்கவில்லையாம், ரயிலில் இடமில்லையாம், சிநேகிதர்களோடு கொண்டாடுகிறானாம்! சிநேகிதர்களோடு சினிமாவுக்குப் போகலாம். தீபாவளி கொண்டாட முடியுமோ?" என்று ஒரு பெரியவர் நம்மிடம் கோபமாகக் கேட்டார். அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு நம்மிடம் பதில் இருக்கிறது. 2018-ஆம் வருஷத்துத் தீபாவளியை, நம் குடும்பத்தையும் விட்டு, பம்பாயில் நான்கு வாலிபர்களின் ஜாகையில் நாம் கழித்தோம். (அந்த நகரத்துக்கு மும்பை என்று 1995-இலேயே பெயர் மாற்றிவிட்டார்கள். நம் நாக்குத்தான் இன்னும் மாறவில்லை.)

ஜாகை இருந்தது மாதுங்காவில். பம்பாயில் தமிழர் என்றால் மாதுங்கா என்று சொல்லும்படியான பேட்டை அது. 1896-இல் அந்நகரில் பிளேக் பரவியபிறகு, நெருக்கடியைக் குறைப்பதற்காக 1898-இல் நகர அபிவிருத்திக்கென்று ஒரு டிரஸ்டு ஏற்படுத்தினார்கள். அந்த டிரஸ்டு தெருவும் மரமுமாக வகுத்த இடங்களில் தாதர், மாதுங்கா பகுதி ஒன்று. டைப் அடிக்கவும் கணக்கெழுதவும் தெற்கேயிருந்து போன நம்மவர்கள் அங்கே குடியேறினார்கள். கோயில், பஜனை, காப்பிக்கொட்டை அரைக்கும் கடை, வாழையிலை விற்கும் கூடைக்காரர் எல்லாம் பின்னாலேயே போய்ச் சேர்ந்தன. கொஞ்ச தூரத்தில் தாராவி. அங்கே தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் வீதியில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கல் கொண்டாடுகிறார்கள். ஆக, பம்பாய்த் தமிழனுக்குப் பண்டிகைச் சாமான் கிடைக்காத குறை கிடையாது. சுக்கும் திப்பிலியும் மாதுங்காவில் கிடைக்கும். தாயார்தான் கிடைக்கமாட்டாள்.

நமது நண்பர்கள் நால்வரில் ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் கோயமுத்தூர், ஒருவர் கும்பகோணம், ஒருவர் நாகர்கோவில். எல்லோருக்கும் கம்ப்யூட்டர் உத்தியோகம். நாகர்கோவில்காரர் கிறிஸ்தவர். லேகியம் கிளறும் பொறுப்பை அவர்தான் ஏற்றுக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டனார் சித்த வைத்தியர். சிற்றரத்தைக்கும் கண்டந்திப்பிலிக்கும் வித்தியாசம் தெரிந்தவர் அந்த ஜாகையில் அவர் ஒருவரே. வெல்லப்பாகில் பொடியைத் தூவி, நல்லெண்ணெயும் நெய்யும் மாற்றி மாற்றி விட்டு, கை ஓயாமல் அவர் கிளறியதை நாம் பக்கத்தில் நின்று பார்த்தோம். இறக்கி ஆறியபின் தேன் சேர்த்தார். "சூட்டில் தேன் விட்டால் தாத்தா அடிப்பார்" என்றார். தாத்தா காலமாகி வெகு நாளாயிற்றாம். பயம் மட்டும் இருக்கிறது.

அந்த வருஷம் ஒரு சங்கடம் நேர்ந்தது. நமக்குத் தீபாவளி என்பது நரக சதுர்த்தசி. விடியுமுன் எண்ணெய் ஸ்நானம் செய்துவிட்டால் பண்டிகை பாதி முடிந்தது. வடக்கே இருப்பவர்களுக்கோ அமாவாசை மாலையில் லக்ஷ்மி பூஜைதான் பிரதானம். இரண்டு திதியும் சில வருஷங்களில் ஒரே நாளில் அடங்கிவிடும். சில வருஷங்களில் அடங்குவதில்லை. 2018-இல் நம் தீபாவளி நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை. வடக்கத்தியாருக்கு 7, புதன்கிழமை. நண்பர்களின் காரியாலயம் மூடியது புதனன்றுதான். ஆகவே செவ்வாய்க்கிழமை எண்ணெய் ஸ்நானமும் செய்யவேண்டும், ஒன்பது மணிக்குக் காரியாலயத்திலும் இருக்கவேண்டும்!

பட்டாசுச் சங்கடம் வேறு. அந்த அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டார், தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரையில்தான் வெடி வெடிக்கலாம் என்று உத்தரவு போட்டார்கள். "எங்கள் தீபாவளி விடியற்காலையில் அல்லவா?" என்று தமிழ்நாட்டு சர்க்கார் போய் முறையிட்டதன்மேல், மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் அந்த ராஜ்யமே நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்றார்கள். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று குறித்தாயிற்று. பம்பாய்க்கு இந்தச் சலுகை இல்லை. நண்பர்கள் வாங்கி வைத்திருந்த ஒரு கட்டு ஊசி வெடியும் இரண்டு சரமும் பரண்மேல் சாதுவாகத் தூங்கின.

இவையெல்லாம் வேடிக்கைதான். வேடிக்கையில்லாத விஷயம் ஒன்று இருந்தது.

அப்போதெல்லாம் ரயிலில் 120 நாளைக்கு முன்னதாகவே இடம் பதிவு செய்யலாம். (1-11-2024 முதல் 60 நாள் என்று குறைத்திருக்கிறார்கள்.) அதாவது, ஆனி மாதத்தில் தீபாவளியை நினைத்துக்கொள்கிறவனுக்குத்தான் இடம் அகப்படும். நால்வரில் அப்படி நினைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கியவர் கும்பகோணம் நண்பர் ஒருவரே. ஆடி மாதத்தில் அவருடைய தாயார் காலமாகிவிட்டார். தகப்பனார் வீட்டைப் பூட்டிக்கொண்டு மூத்த பிள்ளையிடம் போய்விட்டார். ஒரு வருஷத்துக்கு அந்தக் குடும்பத்தில் பண்டிகை இல்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அவரும் பம்பாயிலேயே தங்கிவிட்டார்.

மற்ற மூவரும் தங்களுக்குள் கலந்து பேசி, இந்த வருஷம் நமக்கும் தீபாவளி வேண்டாம் என்று தீர்மானித்திருந்தார்கள். இதில் நல்ல மனம் இருந்தது, யோசனை போதவில்லை. ஒருவருடைய துக்கத்துக்காக நான்கு பேர் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், அவர் தம் துக்கத்தோடு மற்றவர்களுடைய தியாகத்தையும் அல்லவா சுமக்கவேண்டும்? கும்பகோணம் நண்பருக்கு விஷயம் தெரிந்ததும் அவர் ஒன்றும் விவாதிக்கவில்லை. கடைக்குப் போய் நல்லெண்ணெயும் சீயக்காயும் வாங்கிவந்து சமையலறை மேடைமேல் வைத்தார். "வெந்நீர் போடுவது என் பொறுப்பு. எனக்குத்தான் அன்றைக்கு வேறு வேலை இல்லையே?" என்றார்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்றரை மணிக்குப் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு நாம் எழுந்தபோது, அவர் இரண்டாவது அண்டா வெந்நீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி எழுந்தது. எண்ணெய் வைப்பது யார்? வீட்டில் பெரியவர்கள்தான் வைக்கவேண்டும் என்பது சாஸ்திரமோ இல்லையோ, சம்பிரதாயம். மூன்று பேரும் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். நமக்குக் கொஞ்சம் திகிலாகிவிட்டது. தாயார் கையிலும் பிறகு மனைவி கையிலும் தலையைக் குனிந்து கொடுத்தே பழகியவர்கள் நாம். ஒருவர் தலையிலும் எண்ணெய் வைத்ததில்லை. மணையைப் போட்டு முதலில் கோயமுத்தூர்காரரை உட்காரவைத்தோம். வேலைக்குப் போகிற வயதுப் பிள்ளையின் உச்சந்தலையில் கையை வைத்தபோது, அவர் ஐந்து வயதுப் பையனைப்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எண்ணெய் கண்ணில் வழிந்துவிடுமோ என்ற பழைய பயந்தான். நாகர்கோவில் நண்பரும் தம் முறைக்கு வந்து உட்கார்ந்தார். "கிறிஸ்துமஸுக்கு நீங்கள் எல்லோரும் கேக் தின்னவில்லையா?" என்று அவர் கேட்டதற்கு யாரிடமும் ஆட்சேபணை இருக்கவில்லை.

அந்த வேளையில் நாம் மட்டும்தான் விழித்திருக்கிறோம் என்று நினைத்தோம். எதிர் வாசலில் விளக்கு எரிந்தது. அங்கே குடியிருந்தது ரத்தினகிரிப் பக்கத்து மராத்தியக் குடும்பம். அவர்களுக்கும் லக்ஷ்மி பூஜை மறுநாள்தான். ஆனால் நரக சதுர்த்தசியன்று விடியுமுன் அப்யங்க ஸ்நானம் மகாராஷ்டிரத்திலும் உண்டு! எண்ணெய் தேய்த்து, 'உடணே' என்னும் வாசனைப் பொடியைக் குழைத்துப் பூசிக் குளிக்கிறார்கள். கொங்கணத்தார், குளிக்குமுன் 'காரீட்' என்ற சிறு கசப்புக்காயைக் காலால் நசுக்கி நரகாசுரனை வதம் செய்கிறார்கள். நாம் நரகாசுரனைக் காதைப் பிளக்கும் சத்தத்தோடு கொல்கிறோம். அவர்கள் ஓசைப்படாமல் கால் விரலால் தீர்த்துவிடுகிறார்கள். சுப்ரீம் கோர்ட்டாருக்கு எந்த முறை உகந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

அந்த வீட்டு அம்மாளை நண்பர்கள் 'மாவ்ஷி' என்று அழைத்தார்கள். நம் சித்தி, பெரியம்மா உறவுக்கு மராத்தியில் அந்தப் பெயர். மாவ்ஷி ஐந்தரை மணிக்குத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். தட்டில் இருந்த ஒவ்வொன்றும் நமக்குப் பழைய சிநேகிதம், பெயர்தான் புதிது. அவர்கள் சக்லி என்பது நம் முள்ளு முறுக்கு. கரஞ்சி என்பது சோமாசி. அனார்ஸே என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால் கசகசா ஒட்டிய அதிரசம்! அரிசியை ஊறவைத்து இடித்து வெல்லம் சேர்க்கும் பக்குவம் இரண்டுக்கும் ஒன்றே. எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு அதிரசம் பிரயாணம் செய்தது என்பதைப் பண்டிதர்கள் விவாதித்துக்கொள்ளட்டும். பட்சணத்தோடு தடித்த புஸ்தகம் ஒன்றையும் மாவ்ஷி கொடுத்தார். மராத்தியில் 'தீவாளி அங்க்' என்று வருஷந்தோறும் வெளியிடும் மலர். 1909-இல் 'மனோரஞ்சன்' பத்திரிகை தொடங்கிவைத்த வழக்கம் அது. முறுக்கைக் கடித்துக்கொண்டு மலரைப் புரட்டுவதுதான் தீபாவளி என்று எண்ணும் ஜாதி நம் வீடுகளில் மட்டும் இல்லை என்று அறிந்து சந்தோஷப்பட்டோம்.

தட்டுக்குப் பின்னால் மாவ்ஷி ஒரு சிறு தூக்கும் வைத்திருந்தார். அதைக் கும்பகோணம் நண்பர் கையில் தனியாகக் கொடுத்தார். துக்கம் நேர்ந்த வீட்டில் அவ்வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் பட்சணம் கொடுக்கவேண்டும். அவர்களுக்கும் அந்த வழக்கம் உண்டு, நமக்கும் உண்டு. பம்பாயில் வாடகைக்கு எடுத்த மூன்று அறையை அந்த அம்மாள் ஒரு துக்க வீடாக மதித்தார். நண்பர் தூக்கை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தார்.

ஆறு மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து டெலிபோன் வந்தது. அங்கே பொழுது விடிந்திருந்தது. சூரியன் அரை மணிக்கு மேல் பிந்தி உதிக்கும் பம்பாயில் இன்னும் இருட்டு. "ஐயா, கேட்கியா?" என்று அந்தத் தாயார் டெலிபோனை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். தெருவில் யாரோ கொளுத்திய சரம் முழுவதும், சுமார் ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால், மாதுங்காவில் மூன்றாவது மாடியில் வெடித்து ஓய்ந்தது. சட்டத்துக்கு விரோதமில்லாமல் பம்பாயில் அன்று காலையில் கேட்ட வெடி அதுவாகத்தான் இருக்கவேண்டும். பிறகு அந்த அம்மாள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "கங்கா ஸ்நானம் ஆச்சா, ஐயா?" என்று விசாரித்தார். கோயமுத்தூர்காரர் ஆயிற்று என்றார். நாகர்கோவில்காரரும் ஆயிற்று என்றார். நம்மையும் விடவில்லை. கும்பகோணம் நண்பரிடம் டெலிபோன் போனபோது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அந்த அம்மாள் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"சாப்பிட்டியா, ஐயா?" என்றுதான் கேட்டார்.

எட்டரை மணிக்கு நால்வரும் காரியாலயத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். மூவர் புதுச் சட்டை; ஒருவர் பழைய சட்டை. அவ்வளவுதான் தீபாவளி. மறுநாள் ஊர் முழுவதும் காகித விளக்குகளைத் தொங்கவிட்டு லக்ஷ்மி பூஜை செய்துகொண்டிருந்தபோது, அரைத் தூக்கத்தில் இருந்த நண்பர்களை மாவ்ஷிதான் எழுப்பி அழைத்துப் போனார். பரணிலிருந்த சரங்களுக்கும் அன்றிரவு எட்டு மணிக்கு மேல் விமோசனம் பிறந்தது.

பெரியவரின் கோபத்துக்கு வருவோம். உறவினர் அல்லாதவர்கள் சேர்ந்து பண்டிகை கொண்டாடுவது நம் நாட்டில் புதிதன்று. வீட்டுப் பூஜையறையில் இருந்த பிள்ளையாரை 1893-இல் பொது விழாவாக வீதிக்கு அழைத்துவந்தவர்களில் முதன்மையானவர் லோகமான்ய திலகர். அதுவும் இதே பம்பாய் ராஜதானியில்தான். அங்கே பெரும் ஜனக்கூட்டம் செய்ததை இங்கே நாலு பேர் செய்கிறார்கள். வீட்டுக்கு வரவேண்டாம் என்று நாம் பிள்ளைகளுக்கு உபதேசிக்கவில்லை. லீவும் இடமும் கிடைத்தால் ஓடிவரட்டும். கிடைக்காதபோது, "எங்களை மறந்துவிட்டாயா?" என்று டெலிபோனில் அழவேண்டாம் என்பதே பெற்றோர்களுக்கு நமது விண்ணப்பம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களையும் கூப்பிட்டு இரண்டு வார்த்தை விசாரியுங்கள். அந்த ஜாகையில் யாருக்காவது அவ்வருஷம் பண்டிகை இல்லாதிருந்தால், அதையும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பட்சணம் அனுப்புகிறவர்கள் தீபாவளிக்கு நாலு நாள் முன்னதாகப் போய்ச் சேரும்படி அனுப்பவேண்டும். முறுக்கு வழியில் நொறுங்கும். அதற்காகக் கவலை வேண்டாம், பிள்ளைகள் பொடியையும் விடமாட்டார்கள். லேகியத்தை மட்டும் கண்ணாடிச் சீசாவில் அனுப்பாதீர்கள். கோயமுத்தூரிலிருந்து அந்த வருஷம் வந்த சீசா பார்சலுக்குள்ளேயே உடைந்து, புது வேஷ்டி முழுவதும் லேகியமாகிவிட்டது.