ராஜா எழுதாத உயில்: 20 ஆயிரம் கோடி சொத்துக்கு 30 வருஷ சண்டை

அப்பாவுக்கு காரியம் முடிந்து பந்தலைக்கூட பிரித்திருக்க மாட்டார்கள். அதற்குள் யாராவது ஒருத்தர் பையில் இருந்து பேப்பரை எடுத்து நீட்டுவார். "அப்பா உயில் எழுதி வச்சிருக்காரு!" அன்றோடு அண்ணன் தங்கச்சி பேச்சு முடிந்தது. ரெண்டு சென்ட் வீட்டுக்கும் இதே கதைதான், அரண்மனைக்கும் இதே கதைதான்.

பஞ்சாபில் பரீத்கோட் சமஸ்தானத்தின் கடைசி ராஜா ஹரிந்தர் சிங் பிரார். 1918-ல் 3 வயதிலேயே பட்டத்துக்கு வந்தவர். கோட்டை, அரண்மனை, டெல்லியில் மாளிகை என்று ஏகப்பட்ட சொத்து. மதிப்பு 20 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பேச்சு. ஒரே மகன் 1981-ல் விபத்தில் பலியானார். மனுஷன் அதிலேயே நொறுங்கிப் போனார்.

1989-ல் ராஜா இறந்ததும் வெளியே வந்தது ஒரு உயில். தேதி: 1-6-1982. மகன் போன மறு வருஷம்!

சொத்து அத்தனையும் ஒரு டிரஸ்டுக்காம். அதில் இடம் பிடித்தவர்கள் அரண்மனை ஊழியர்களும் வேண்டப்பட்டவர்களும். இளைய மகள்கள் ரெண்டு பேருக்கு தலைவர், துணைத்தலைவர் பதவி, கொஞ்சூண்டு மாதச் சம்பளம். பேச்சை மீறி கல்யாணம் செய்தார் என்று சொல்லி மூத்த மகள் அம்ரித் கவுருக்கு பட்டை நாமம். பெத்த தாய்க்கும் ஒன்றும் இல்லை.

1992-ல் அம்ரித் கவுர் கோர்ட்டுக்குப் போனார். 2013-ல் சண்டிகர் கோர்ட்டு சொன்னது: உயில் போலி! அப்பீல், அப்பீலுக்கு மேல் அப்பீல். 2020-ல் பஞ்சாப், அரியானா ஐகோர்ட்டும் அதையே சொன்னது. 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் போலி என்பதை உறுதி செய்து டிரஸ்டுக்கு மூடுவிழா நடத்தியது. 30 வருஷம்! கடைசி மகள் 2001-லேயே இறந்துவிட்டார், தீர்ப்பைப் பார்க்கவே இல்லை.

கையெழுத்து இருந்தால் போதுமா?

போதாது. உயிலை யார் நீட்டுகிறாரோ அவர்தான் அது நிஜம் என்று நிரூபிக்கணும். 1958-லேயே சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சந்தேகம் வருகிற மாதிரி ஏதாவது இருந்தால் அதைத் தீர்த்து வைப்பதும் அவர் பொறுப்பே. பெற்ற தாயை விட்டுவிட்டு சம்பளக்காரர்கள் கையில் கஜானா சாவியைக் கொடுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

உயில் செல்லாது என்றானதும் வாரிசு சட்டம் வந்து நின்றது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வரிசை வாரிசு. ராஜா இறந்தபோது தாய் உயிரோடு இருந்தார். 3 மகள்கள், ஒரு தாய். ஆளுக்கு கால் பங்கு. 1991-ல் தாய் எழுதிய உயிலை கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. அதன்படி அவருடைய கால் பங்கு இளைய மகன் குடும்பத்துக்குப் போனது. கல்யாணம் ஆகாமல் இறந்த கடைசி மகளின் கால் பங்கை அக்காமார் இருவருக்கும் பிரித்தார்கள்.

மகன் உயில் பொய், தாய் உயில் மெய்!

நம்ம வீட்டு உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். ரிஜிஸ்டர் பண்ணுவதும் கட்டாயம் இல்லை, பண்ணினால் நல்லது. ஆனால் ரிஜிஸ்டர் ஆன உயிலும் கோர்ட்டில் தோற்றது உண்டு. ரெண்டு சாட்சி மட்டும் கண்டிப்பாக வேணும். எழுதுகிறவர் கையெழுத்தோ கைநாட்டோ போடுவதைப் பார்த்து, அவர் எதிரிலேயே அவர்களும் கையெழுத்துப் போடணும். சொத்து வாங்கப் போகிறவரையே சாட்சியாக நிறுத்தாதீர்கள். உங்களைவிட வயசான கூட்டாளியும் வேண்டாம். நாளைக்கு கூண்டில் ஏறி "நான் பார்த்தேன்" என்று சொல்ல அவர் இருக்கணுமே! வீட்டு பீரோவை நம்பாதவர்கள், கவரில் போட்டு சீல் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் டெபாசிட் செய்யலாம்.