பதினான்கு வெள்ளைப் புள்ளிகள்

பங்குனி வெயில் கூடம் வரை வந்துவிட்டிருந்தது. மயிலாப்பூரில் தோழியின் வீட்டு ஜன்னலில் அவளுடைய ஸ்கேன் பிலிமைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ். பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் எண்ணித்தான் பேசுவாள்.

"மூளையில பதினாலு புள்ளி. போன வருஷமும் பதினாலுதான். ஆனா அப்போ லஸ்லேருந்து கோயில் வரைக்கும் நடந்தேன். இப்போ பாதியிலேயே கால் வரமாட்டேங்குது. இது என்ன கணக்குடி?"

நரம்பு இழையைச் சுற்றி, ஒயருக்கு மேல் பிளாஸ்டிக் போல, மயலின் என்று ஓர் உறை. எம்.எஸ்.ஸில் உடம்பின் காவல் அணுக்களே அதை அரித்துவிடுகின்றன. அரித்த இடத்தில் விழும் தழும்புதான் ஸ்கேனில் தெரியும் புள்ளி. 1868இல் பாரிஸில் ஷார்கோ இந்தத் தழும்புகளை நோயோடு சேர்த்து விவரித்தபோது, இறந்தவர் மூளையில்தான் அவற்றைப் பார்க்க முடிந்தது. 1981இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக் குழு, உயிரோடிருப்பவர்களின் தழும்புகளை எம்.ஆர்.ஐ.யில் காட்டியது. நோயைக் கண்டறியவும், மருந்து கேட்கிறதா என்று பார்க்கவும் இன்றைக்கு அதுதான் துணை. ஆனால் புள்ளிகளின் கணக்கும் இயலாமையின் கணக்கும் பல சமயம் ஒட்டுவதில்லை. நரம்பியல் மருத்துவர்களே இதை ஒரு முரண் என்றுதான் சொல்கிறார்கள்.

தி. நகர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். உள்தெருக்களில் பத்துப் பள்ளம் தோண்டினாலும் வண்டிகள் சுற்றிக்கொண்டு போய்விடும். பனகல் பார்க் சிக்னலில் ஒரே பள்ளம், ஊரே நின்றுவிடும். மூளை ஓரளவு மாற்றுவழி தேடிக்கொள்ளும். தண்டுவடமோ குறுகலான பாதை. அங்கே சிறு தழும்பு விழுந்தாலும் கால் இழுக்கும். தலையை மட்டும் எடுத்த படத்தில் முதுகுப் பக்கம் வராது. மூளையின் மேற்பட்டையில் விழும் தழும்புகளும் வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் தப்பிவிடும். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவதைப் புள்ளிகளை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையத்தில், இறந்தவர் மூளையை மெல்லிய சீவல்களாக்கி செல் வரைக்கும் படமெடுக்கிறார்கள். என் தோழியின் மூளையை அப்படிச் சீவ முடியுமா?

இன்னொன்று, வெயில். உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே உறை போன நரம்பில் செய்தி தடுமாறும். உடற்பயிற்சிக்குப் பின் பார்வை கொஞ்ச நேரம் மங்குவதை 1890இல் உட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதிவைத்தார். சூடு தணிந்தால் காலின் பலம் திரும்பிவிடும். ஏ.சி. அறையில் படுக்கவைத்து எடுக்கும் படத்தில் சென்னை வெயில் எப்படி விழும்? காலையில் அவள் மாற்றுத்திறனாளிச் சலுகை கேட்டு ஒரு கவுன்டருக்கு நடந்து போனபோது, "நல்லாத்தானே நடக்கிறீங்க" என்றார்களாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். பெயர் சொல்லியே இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு அவளைப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இயலாமையை அளக்க மருத்துவர்களிடம் கர்ட்ஸ்கே என்பவர் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை. துணையின்றி, நிற்காமல் சுமார் 500 மீட்டர் நடந்தால் 4. நூறு மீட்டருக்கே ஒரு கைத்தடி வேண்டுமென்றால் 6. மாம்பலம் ஸ்டேஷனையும் தி. நகர் பஸ் ஸ்டாண்டையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் 570 மீட்டர். 4 வாங்கியவருக்கு அதன் கடைசி எழுபது மீட்டர்தான் பரீட்சை.

படம் இதையெல்லாம் காட்டாது. அதனால் அவளிடம், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது பிலிமோடு ஒரு நோட்டும் கொண்டு போ என்றேன். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில் கால் நின்றது என்று எழுதச் சொன்னேன். கணக்கு டீச்சராயிற்றே, அன்றைக்கே கட்டம் போட்டுவிட்டாள்.

போன வாரம் முதல் பக்கத்தைக் காட்டினாள்: "வடக்கு மாட வீதி. காலை 11 மணி. நல்ல வெயில். 140 அடி எடுத்து வைத்தேன். உட்கார இடம் இல்லை."